ரோபோவுக்கு வெளியே ஒரு கிடங்கு: ஆப்ட்-கேச்சர்-என்ஜி

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை ஒன்றுக்குக் கூடை சுமக்கும் ரோபோ வண்டிகள் நான்கைப் பராமரிக்கும் எங்கள் பட்டறையில், ஒருமுறை இறக்கிய மென்பொருள் தொகுப்புகளைச் சேமித்து வைத்து மற்ற கணினிகளுக்கும் கொடுக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற இலவச மென்பொருளை இரண்டு பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். தோத்தாபுரி வரத்து உச்சத்தில் இருக்கும்போது வண்டியை முறையாக அணைக்கும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை; சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதில் மெமரி கார்டு கெட்டுப்போகாதிருக்க, உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் கொண்ட இவ்வண்டிகளில் ஓவர்லேரூட் என்ற கருவியை நிறுவி, கார்டில் எதுவும் எழுதப்படாதபடி செய்திருக்கிறோம். எழுதுவதெல்லாம் ரேமில் தங்கி, மின்சாரம் போனதும் மறைந்துவிடும்.

ஒருமுறை இதை மறந்து, ஒரு வண்டியில் நிறுவிய மென்பொருள்களைப் புதுப்பிக்கும் ஆப்ட் அப்கிரேட் கட்டளையை நேராக ஓட்டிவிட்டேன். 4 ஜிபி ரேமில் பாதிதான் அந்தத் தற்காலிக அடுக்குக்குக் கிடைக்கும்; இறங்கிய டெப் (தொகுப்பு) கோப்புகளும் அவற்றிலிருந்து விரிந்தவையும் சேர்ந்து அதை நிரப்ப, இடமில்லை என்று பாதியில் நின்றது. மறுபடி இயக்கியபோது எல்லாம் பழையபடியே இருந்தது. செலவானது டேட்டா மட்டும்.

இப்போது பட்டறையின் பழைய மடிக்கணினியில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி 3142 என்ற போர்ட்டில் காத்திருக்கிறது. வண்டிகளின் ஆப்ட் அமைப்பில் ப்ராக்ஸிக்கென (இடையில் நிற்கும் கணினிக்கென) ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். முதல் வண்டிக்காக இணையத்திலிருந்து வரும் தொகுப்புகள் மடிக்கணினியில் தங்கிவிட, மற்ற மூன்றும் அங்கிருந்தே எடுத்துக்கொள்கின்றன. ஓவர்லேரூட்-ச்ரூட் கட்டளையால் உண்மையான கார்டைத் திறந்து நிறுவி, இறக்கிய கோப்புகளை நீக்க ஆப்ட்-கெட் கிளீன் கொடுத்துவிட்டு வெளியேறுகிறோம். ஆட்டோகிளீன் இதற்கு உதவாது; தொகுப்புகள் வரும் இணையக் களஞ்சியத்தில் இனி கிடைக்காத பழைய பதிப்புகளை மட்டுமே அது நீக்கும்.

குறை என்றால் மறையாக்கப்பட்ட இணைப்பான எச்டிடிபிஎஸ்தான். ராஸ் 2 ஹம்பிள் என்ற ரோபோ மென்பொருளின் தொகுப்புகளை நாங்கள் எச்டிடிபி முகவரியிலிருந்து எடுப்பதால் அவை சிக்கலின்றிச் சேமிக்கப்படுகின்றன. எச்டிடிபிஎஸ் களஞ்சியம் என்றாலோ 403 (அனுமதி மறுப்பு) பிழை வரும். அந்த இணைப்பை அப்படியே கடத்திவிடும் பாஸ்த்ரூபேட்டர்ன் அமைப்பைத் திறந்துவிட்டால் கோப்பு வந்து சேரும், ஆனால் சேமிப்பில் தங்காது. சேமிக்கவும் வேண்டுமென்றால் முகவரியை எச்டிடிபி என்று தொடங்கி, அடுத்து எச்டிடிபிஎஸ் என்ற சொல்லையும் மூன்று சாய்கோடுகளையும் இட்டு எழுத வேண்டும். இந்த விநோத வடிவம் பிடிபட எனக்கு ஒரு நாள் ஆனது.

மடிக்கணினி அணைந்திருந்தால் நான்கு வண்டிகளிலும் ஆப்ட் நின்றுவிடும் என்பதையும் வாங்குபவர் கணக்கில் கொள்ள வேண்டும், விலை ஏதும் இல்லையென்றாலும்.