600 ரெசிஸ்டர் பெட்டி: எல்இடிக்கு அருமை, 12 வோல்ட்டை 5 ஆக்க வேண்டாம்

ஆறு மாதமாக இந்த ரெசிஸ்டர் பெட்டியைப் பயன்படுத்தி வருகிறேன். ரெசிஸ்டர் என்பது கரண்ட் ஓட்டத்தைத் தடுத்து அளவாக்கும் சின்ன பாகம், அந்தத் தடையை ஓமில் சொல்வார்கள். 30 மதிப்புகள், ஒவ்வொன்றிலும் 20, மொத்தம் 600. 10 ஓமில் தொடங்கி 1 மெகா ஓம் வரை போகிறது. எல்லாமே கால் வாட் (அவ்வளவு சூட்டைத்தான் தாங்கும்), 1 சதவீத மெட்டல் ஃபிலிம் வகை, அந்த வெளிர்நீல உடம்புக்காரர்கள். வாங்கலாமா என்று கேட்டால் தாராளமாக வாங்குங்கள் என்பேன். ஆனால் பெட்டி அட்டையில் "வோல்டேஜைக் குறைக்க ஏற்றது" என்று ஒரு வரி இருக்கிறது, அதை மட்டும் பார்த்துவிட்டு வாங்கப் போகிறவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் தரம். 1 கிலோ ஓம் வரிசையிலிருந்து பத்தைப் பிரித்து மல்டிமீட்டரில் அளந்தேன், எல்லாமே 994க்கும் 1003க்கும் நடுவில்தான் இருந்தன. 1 சதவீதம் என்றால் 990 முதல் 1010 வரை போகலாம், ஆக குறையே இல்லை. கால்கள்தான் மெலிசு. பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் பலகை) செருகும்போது வளைந்துவிடுகின்றன, போர்டு கொஞ்சம் பழசாக இருந்தால் சரியாகப் பிடிக்காமல் கனெக்‌ஷன் விட்டு விட்டு வருகிறது. சால்டர் செய்து பற்றவைக்கிறவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். என்னிடம் 5 வோல்ட், 0.2 ஆம்பியர் என்று போட்ட சின்ன ஃபேன் ஒன்று இருந்தது, கையில் இருந்ததோ 12 வோல்ட் அடாப்டர். 7 வோல்ட் குறைய வேண்டும், 7ஐ 0.2ஆல் வகுத்தால் 35 ஓம். பெட்டியில் 35 கிடையாது, 33உம் கிடையாது, அதனால் 22ஐயும் 10ஐயும் தொடராக இணைத்து 32 ஆக்கினேன். ஃபேன் சுற்றியது. கொஞ்ச நேரத்திலேயே வார்னிஷ் கருகுகிற வாசனை. பார்த்தால் 22 ஓமின் சிவப்புப் பட்டைகள் பழுப்பாகி, அப்படியே கருப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அடாப்டரைப் பிடுங்கினேன். ஓம் கணக்கு சரிதான், வாட்டைத்தான் பார்க்காமல் விட்டிருந்தேன். கரண்ட்டை அதே கரண்ட்டால் பெருக்கி, அப்புறம் ஓமால் பெருக்கினால் வாட் வந்துவிடும்: 0.2 × 0.2 × 22 = 0.88. கால் வாட் தாங்குகிற ஒன்றின் மேல் மூன்றரை மடங்கு சுமையை ஏற்றியிருக்கிறேன்.

அடுத்த நாள் 33 ஓம், 5 வாட் சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்றைத் தனியாக வாங்கி வந்து போட்டேன். சூடானது, ஆனால் கருகவில்லை, ஃபேனின் இரண்டு முனைகளில் 5.4 வோல்ட் வந்தது. வேலை முடிந்தது என்று நினைத்து ஃபேனைக் கழற்றிவிட்டு, சும்மா பார்ப்போமே என்று அதே இரண்டு ஒயர்களில் மல்டிமீட்டரை வைத்தேன். 12 வோல்ட். துளிகூடக் குறையவில்லை.

ரெசிஸ்டரைப் பற்றி எனக்கு உருப்படியாகப் புரிந்தது அந்த நிமிடத்தில்தான். ரெசிஸ்டர் தானாக எந்த வோல்டேஜையும் குறைப்பதில்லை, அதன் வழியாகக் கரண்ட் ஓடினால்தான் குறையும், எவ்வளவு ஓடுகிறதோ அந்த அளவுக்குத்தான் குறையும். மல்டிமீட்டர் இழுப்பது ஒன்றுமே இல்லை, அதனால் 12 அப்படியே வந்து நின்றது. அதே ஒயரில் 20 மில்லியாம்பியர் மட்டும் இழுக்கிற ஒரு 5 வோல்ட் போர்டை மாட்டியிருந்தால் குறைந்திருப்பது 0.66 வோல்ட், போர்டின் தலையில் 11 வோல்ட்டுக்கு மேல் இறங்கியிருக்கும். "12 வோல்ட்டை 5 ஆக்க எத்தனை ஓம் போட வேண்டும்?" என்று கேட்டால், எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. தெரிந்தாலும் அந்தக் கரண்ட் மாறாமல் இருக்க வேண்டும். மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும், வைஃபை போர்டு சிக்னல் அனுப்பும்போது திடீரென்று எகிறும்.

எல்இடிக்கு மட்டும் ஏன் ரெசிஸ்டர் இவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்றால், எரிகிற எல்இடி தனக்கு வேண்டிய வோல்டேஜைக் கிட்டத்தட்ட மாறாமல் பிடித்துக்கொள்கிறது. சிவப்பு சுமார் 2 வோல்ட், நீலமும் வெள்ளையும் 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. மிச்சம் முழுவதும் ரெசிஸ்டர் மேல் விழும், அதை வைத்துக் கரண்ட்டை நாமே முடிவு செய்துகொள்ளலாம். 5 வோல்ட்டில் சிவப்பு எல்இடி என்றால் மிச்சம் 3 வோல்ட், 10 மில்லியாம்பியர் போதும் என்றால் 300 ஓம், பெட்டியில் இருக்கும் 330ஐப் போடுங்கள். சரியான மதிப்பு கிடைக்காதபோது அடுத்த பெரிய மதிப்புக்குப் போவதுதான் நல்லது, வெளிச்சத்தில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. 12 வோல்ட்டில் 20 மில்லியாம்பியர் கொடுக்க 510 போடலாம்தான், ஆனால் 0.2 வாட் ஆகிவிடும், கால் வாட்டுக்கு அது விளிம்பு, தொட்டால் கை சுடும். தாங்கும் அளவில் பாதிக்கு மேல் போகாமல் வைத்துக்கொள்கிறேன். 1 கிலோ ஓம் போட்டு 10 மில்லியாம்பியரில் ஓட்டினால் 0.1 வாட், நிம்மதி.

சிக்னலுக்கும் இந்தப் பெட்டி நன்றாக உதவுகிறது. எச்.சி-எஸ்.ஆர்.04 (HC-SR04) என்கிற தூரம் அளக்கும் சென்சாரின் எக்கோ பின்னில் (சிக்னல் வரும் கால்) 5 வோல்ட் வரும், ராஸ்ப்பெர்ரி பை என்கிற சின்னக் கணினிப் போர்டின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை, 5ஐத் தாங்காது. பெட்டியிலிருந்து 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் இரண்டையும் எடுத்துத் தொடராக இணைத்து, 1 கிலோ ஓமின் மறுமுனையை எக்கோ பின்னிலும் 2 கிலோ ஓமின் மறுமுனையைக் கிரவுண்டிலும் சேர்த்து, நடுவிலிருந்து ஒயர் எடுத்தால் 3.33 வோல்ட், வேலை முடிந்தது. ராஸ்ப்பெர்ரி பையின் அந்த பின், கரண்ட் என்று சொல்கிற அளவுக்கு எதையும் இழுக்காது, அதனால்தான் கணக்கு பிசகாமல் நிற்கிறது. இதே இரண்டு ரெசிஸ்டரை வைத்து ஒரு 3.3 வோல்ட் போர்டுக்குப் பவர் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்த 1 கிலோ ஓம் வழியாக, மறுபக்கத்தை ஷார்ட் செய்தாலும்கூட, 5 மில்லியாம்பியருக்கு மேல் வராது. எந்த வைஃபை போர்டும் அதில் எழுந்து நிற்காது.

பவர் கொடுக்க, கரண்ட் மாறினாலும் வோல்டேஜை மாறாமல் வைக்கும் ரெகுலேட்டர்தான். 7805 என்கிற ரெகுலேட்டர் சிப்பைப் போட்டால் 5 வோல்ட் அசையாமல் நிற்கும், ஆனால் 12இலிருந்து 0.2 ஆம்பியர் எடுத்தால் ரெசிஸ்டரில் எரிந்ததுபோலவே 1.4 வாட் அதிலும் சூடாகத்தான் போகும், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் மாட்ட வேண்டும். என் ஃபேன் கடைசியில் அதிகம் சூடாகாமல் வோல்டேஜைக் குறைக்கும் ஒரு சின்ன பக் கன்வெர்ட்டரில் ஓடுகிறது, தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லை.

பெட்டியில் இன்னொரு குறை, ரெசிஸ்டரின் மதிப்பைக் காட்டும் பட்டை வண்ணங்கள். ஐந்து பட்டை, அதில் சிவப்பும் பழுப்பும் அந்த நீலத்தின் மேல் ஒன்றுபோலவே தெரிகின்றன, எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்பதற்கும் இடைவெளி சரியாக இல்லை. 220 ஓம் என்றால் சிவப்பு, சிவப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு. இதையே தலைகீழாகப் படியுங்கள்: பழுப்பு, கருப்பு, கருப்பு, சிவப்பு, சிவப்பு. அது 10 கிலோ ஓம், 2 சதவீதம்! எல்இடி ஏன் மங்கலாக மினுக்குகிறது என்று ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன். ரெசிஸ்டர்களை ஒட்டி வைத்திருக்கும் காகிதப் பட்டையிலிருந்து பிரித்த எதையும் அளக்காமல் போடுவதில்லை இப்போது.

மதிப்புகளைத் தேர்ந்தெடுத்த விதமும் கொஞ்சம் இடிக்கிறது. 120, 180, 390, 560, 820 எதுவும் இல்லை, 300 கிலோ, 680 கிலோ எல்லாம் இருக்கின்றன. என் பெட்டியில் 220, 330, 10 கிலோ மூன்றும் காலியாகிவிட்டன, 680 கிலோவின் காகிதப் பட்டையை இன்னும் பிரிக்கவே இல்லை. அடுத்த முறை இதே பெட்டியோடு 220, 330, 10 கிலோ மூன்றிலும் தனியாக நூறு நூறு, அப்புறம் 1 வாட்டில் 10, 22, 47, 100 ஓம் ஐந்தைந்து சேர்த்து வாங்கப் போகிறேன்.