ஏற்காடு உதவிக்காரர் பயிற்சி முகாம்: காணிக்கை எண்ணுவது அருமை, பந்திவிசாரணை போதாது

சபையில் உதவிக்காரராக, அதாவது டீக்கன்களாக, புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்காக ஏற்காட்டில் ஒரு தியான இல்லத்தில் வெள்ளி, சனி இரண்டு நாள் நடக்கும் முகாம் இது. சபை கூடி உதவிக்காரரைத் தேர்ந்தெடுக்கும் பாப்டிஸ்ட், சுயாதீன சபையாருக்குத்தான் பொருந்தும். சி.எஸ்.ஐ.யிலும் (தென்னிந்தியத் திருச்சபை) கத்தோலிக்கத்திலும் அந்தப் பொறுப்பு அபிஷேகம் பெறும் ஊழியம். மணமான ஒருவர் கத்தோலிக்கத்தில் நிரந்தரத் திருத்தொண்டராக (டீக்கனாக) வேண்டுமானால் 35 வயது நிறைந்திருக்க வேண்டும், மனைவியின் சம்மதமும் வேண்டும். அந்தப் பாடமெல்லாம் இங்கே கிடையாது.

முதல் நாள் முழுக்க உதவிக்காரருக்கான தகுதிகள். வேதாகமத்தில் 1 தீமோத்தேயு 3:8-13ஐ வசனம் வசனமாக எடுக்கிறார்கள். கண்காணியிடம் (சபைத் தலைவரிடம்) எதிர்பார்க்கும் போதகசமர்த்து, அதாவது போதிக்கும் திறமை, இந்தப் பட்டியலில் இல்லை என்பதை அழுத்திச் சொல்வது நல்லது. பிரசங்கம் வராது என்று ஒதுங்குகிற நல்ல மனிதர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. 'முன்னதாகச் சோதிக்கப்படவேண்டும்' என்பதற்கும் வழி சொல்கிறார்கள். பெயர் அறிவிக்குமுன் ஒரு வருடம் பாய் விரிப்பது, வண்டிகளை ஒழுங்குபடுத்துவது போன்ற சின்ன வேலைகளைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். நேரத்துக்கு வருகிறாரா, இங்கே ஒன்றும் அங்கே ஒன்றும் பேசுகிறாரா என்பது அதில் தெரிந்துவிடும். வசதியானவர் என்பதற்காகவே ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், பிறகு அவரிடம் கணக்குக் கேட்க யாருக்கும் வாய் வராது.

முகாமின் உயிர், காணிக்கை எண்ணும் பயிற்சி. மேஜையில் நிஜப் பையையே கவிழ்க்கிறார்கள். உறவுக்காரர் அல்லாத இருவர் தனித்தனியாக எண்ணி, நோட்டு வாரியாகச் சீட்டில் எழுதி, தொகை ஒத்துவந்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். கவரைக் கிழித்ததும் தொகையைக் கவர்மேலேயே எழுத வேண்டும். அதை விட்டால் தசமபாகமும் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கை) கட்டட நிதியும் கலந்துவிடும். எண்ணாத பையை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது, திங்களன்றே வங்கியில் கட்டிவிட வேண்டும். திருவிருந்துத் தட்டுக்கும் பயிற்சி உண்டு. 40 கிண்ணத் தட்டில் ஒவ்வொரு கிண்ணத்திலும் திராட்சரசத்தை முக்கால் அளவுதான் ஊற்ற வேண்டும்; நிரப்பினால் வரிசையில் கைமாறும்போதே சிந்தும்.

குறை ஒன்று, ஆனால் பெரியது. அப்போஸ்தலர் 6-ல் ஸ்தேவான் முதலான ஏழு பேரைத் தெரிந்தெடுத்ததே, அன்றாட விசாரணையில் கிரேக்கு பேசிய யூதரின் விதவைகள் விடப்பட்டார்கள் என்ற முறுமுறுப்பால்தான். பந்திவிசாரணை என்ற அந்த வேலைக்கு, அதாவது தேவையுள்ளோரைக் கவனிப்பதற்கு, இங்கே கடைசி அரை மணி நேரம்தான்! விதவைகள், படுக்கையில் இருப்போர் பட்டியலை எப்படி வைப்பது, யார் எந்த வாரம் போய்ப் பார்ப்பது, மருத்துவச் செலவைக் கையில் கொடுக்காமல் நேரே மருத்துவமனையில் கட்டி ரசீது வாங்குவது, உதவி பெற்றவர் பெயரைச் சபையில் வாசிக்காமல் கணக்கு ஒப்படைப்பது என்று சொல்லித்தர எவ்வளவோ இருக்கிறது. வேதாகமத்தில் வரும் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளைப் பற்றியும் பேச்சே இல்லை. சேலத்துச் சபைகளில் வீடு வீடாகப் போய் விசாரிப்பவர்களில் பெண்கள்தானே அதிகம்.

ஆனாலும் ஆளனுப்பலாம். ஒரு சபையிலிருந்து இருவராக அனுப்புங்கள். எண்ணும் பயிற்சி ஜோடியாகத்தான். ஸ்வெட்டர் கட்டாயம். சனி மாலை முடிந்ததும் புறப்பட்டால், பனி இறங்குமுன் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, ஞாயிறு ஆராதனைக்குச் சேலத்தில் இருக்கலாம்.