1,80,000 ரூபாய்க்கு சேல்ஸ் ட்ரெய்னிங்: "41% வளர்ச்சி" எப்படி வந்தது தெரியுமா?

கணக்கு முழுதாகப் பிடிபட்டு நாலு நாள்தான் ஆகிறது. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். விற்பனைப் பயிற்சி தரும் நிறுவனம், பெயர் வேண்டாம். எங்களுடையது வீட்டு உபயோகப் பொருள் கடை, மூன்று கிளை. இரண்டு கிளைகளின் சேல்ஸ்மேன்கள் 22 பேருக்கு 2025 செப்டம்பர் 18, 19 இரண்டு நாள் பயிற்சி. கட்டணம் 1,80,000 ரூபாய், முழுவதும் முன்பணம். ஜிஎஸ்டி 32,400 தனி. அதையாவது உள்ளீட்டு வரியாக, நாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம், 1,80,000 போனது போனதுதான்.

நம்பியது எந்த இடத்தில் என்றால், கொட்டேஷன் பேச வந்த ட்ரெய்னர் பாதியில் எழுந்து கவுன்டருக்குப் போனார். மிக்ஸி விலை கேட்டு நின்ற ஒரு பெரியம்மாவிடம் விலையைச் சொல்லவே இல்லை. "வீட்டில எத்தனை பேர்மா? வாரத்துக்கு எத்தனை தடவை மாவு ஆட்டுவீங்க?" என்றார். பத்து நிமிடத்தில் மிக்ஸியோடு இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டரும் பில் ஆனது. வாயைப் பிளந்து நின்றோம். விற்கத் தெரிந்தவருக்குக் கற்றுக்கொடுக்கவும் தெரியும் என்பது நாமாகப் போட்டுக்கொண்ட கணக்கு. போதாக்குறைக்கு ஒப்பந்தத்தில் ஒரு வரி: "60 நாளில் விற்பனை 20% உயராவிட்டால் கட்டணம் முழுவதும் திருப்பித் தரப்படும்." எந்த நாளோடு ஒப்பிட்டு, எந்தக் கிளையோடு ஒப்பிட்டு என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. மோசடி முழுக்க அந்த இடைவெளியில்தான்.

தீபாவளி முடிந்த நாலாம் நாள் ரிப்போர்ட் வந்தது. "பயிற்சிக்கு முன் 28 நாள், பின் 28 நாள். முதல் கிளை 41%, இரண்டாவது 37% வளர்ச்சி." முன் என்பது ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 17 வரை. பின் என்பது செப்டம்பர் 22 முதல் அக்டோபர் 19 வரை. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைப் படித்ததும் சிரிப்பு வரும். ஜிஎஸ்டி குறையப்போகிறது என்று ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவித்ததும் ஏசி, பெரிய டிவி வாங்க வந்தவர்கள் "குறைஞ்ச பிறகு வர்றோம்" என்று திரும்பிப் போனார்கள். செப்டம்பர் 22 அன்று ஏசிக்கும் 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிக்கும் வரி 28-இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. அன்றே நவராத்திரி தொடக்கம், அக்டோபர் 1 ஆயுத பூஜை, 20 தீபாவளி. ஆக, முன் 28 நாள் பள்ளம், பின் 28 நாள் மேடு. பின் கணக்கு முடிவதே தீபாவளிக்கு முதல் நாள். "சீசனுக்கு முன்னாடியே முடிச்சுடலாம் சார், சூடு இருக்கும்" என்று தேதியைக் குறித்தவரும் அந்த ட்ரெய்னர்தான்.

பயிற்சிக்கே போகாத மூன்றாவது கிளையில் அதே நாட்களைக் கூட்டினேன். 39%.

முதல் நாள் காலையில் அவர் போட்ட ஸ்லைடிலேயே பயிற்சியின் பலனை அளக்க அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் எழுதிய நான்கு படிகள் இருந்தன: பங்கேற்றவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலையில் நடத்தை மாறியதா, தொழிலில் பலன் வந்ததா. முதல் படிக்கு 5-க்கு 4.8 மதிப்பெண். பேர் எழுதிய ஃபார்ம், ட்ரெய்னரே கையில் வாங்கினார், சான்றிதழ் கொடுப்பதற்கு முன். யார் 2 போடுவார்கள்? இரண்டாம் படிக்குக் காலையில் 20 கேள்வி, மாலையில் அதே 20 கேள்வி, நடுவில் விடை விவாதம்.

மூன்றாம் படிதான் உயிர்நாடி. அதற்காக 30-ஆம் நாள் கடைக்கு வந்து பார்ப்பதாகக் கொட்டேஷனில் இருந்தது, வரவில்லை. செய்வதும் கஷ்டமில்லை. ஒரு சேல்ஸ்மேனுக்குப் பத்து வாடிக்கையாளர். விலை சொல்லும் முன் இரண்டு கேள்வியாவது கேட்டாரா, கூட ஒரு பொருளைக் காட்டினாரா, வாங்காமல் போனவரிடம் நம்பர் வாங்கினாரா என்று மூன்று டிக். பயிற்சிக்கு முன் ஒரு முறை, 30 நாளில் ஒரு முறை, 90 நாளில் ஒரு முறை. டிக் போடுபவருக்கு யார் பயிற்சி பெற்றவர் என்று தெரியக்கூடாது. எங்களிடம் "முன்" டிக்கே கிடையாது. அதை இனி எந்தக் காலத்திலும் எடுக்க முடியாது. வாசலில் நுழைந்தவர்களையும் யாரும் எண்ணவில்லை, எனவே நூறு பேர் வந்தால் எத்தனை பில் என்ற விகிதமும் இல்லை.

பில்லிங் மென்பொருளில் மிஞ்சியது ஒன்றுதான்: எக்ஸ்டெண்டட் வாரண்டி, அதாவது கம்பெனி வாரண்டி முடிந்த பிறகும் தொடர வாடிக்கையாளர் தனியாகப் பணம் கட்டி வாங்குவது. இரண்டாம் நாள் முழுக்க அதைத்தான் நடத்தினார்கள். கூட்டம் ஏறினாலும் இறங்கினாலும் இந்த விகிதம் பெரிதாக ஆடாது. முன் 28 நாளில் 410 பில்லுக்கு 62 வாரண்டி. தீபாவளிக்குப் பின் 28 நாளில் 340-க்கு 51. இரண்டும் 15%தான். 1,80,000 ரூபாய்க்குக் கிடைத்தது அந்த அசையாத 15.

கேட்டால்? முதல் போனில் "மைண்ட்செட் மாற டைம் எடுக்கும் சார்". இரண்டாவதில் "உங்க மேனேஜர்ஸ் ஃபாலோ அப் பண்ணலை". மூன்றாம் கிளைக் கணக்கை அனுப்பியதும் "ஒப்பந்தத்துல மொத்த விற்பனைன்னுதானே இருக்கு, 20 தாண்டிருச்சே". கடைசியாக ஒரு பெண் பேசி, 90,000-க்கு அட்வான்ஸ்டு லெவல் இருக்கிறது என்றார். நல்ல வேளை, போன் என் கையில் இல்லை, முதலாளி கையில் இருந்தது.

விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. ஒரு கிளையையாவது பயிற்சிக்கு அனுப்பாமல் வையுங்கள். போன வருடம் அதே பண்டிகை வாரத்தோடு ஒப்பிடுங்கள். "போன மாசம் கம்மியா வித்தவங்க லிஸ்ட் கொடுங்க" என்றால் உஷார், மட்டமான மாதத்துக்கு அடுத்த மாதம் பெரும்பாலும் தானாகவே கொஞ்சம் ஏறும், அதையும் பயிற்சிக் கணக்கில் எழுதுவார்கள். பணத்தில் பாதியை 90-ஆம் நாள் கணக்குக்குப் பிறகு கொடுங்கள்.

இன்று காலை அந்த ட்ரெய்னரின் ஸ்டேட்டஸில் எங்கள் கடை வாசல் படம், மேலே கொட்டை எழுத்தில் "41%". எடுக்கச் சொல்லி அனுப்பிய மெசேஜ் ஒற்றை டிக்கிலேயே நிற்கிறது.