தீத்தடுப்பு மருந்து ஏற்றிய பைன்: சுவருக்குச் சரி, கூரைக்கு வேண்டாம்

உப்புவெளியில் விடுதிச் சமையலறை ஒன்றின் மரவேலைக்காக, திருகோணமலை நகரத்து மரக்காலை ஒன்றில் தீத்தடுப்பு மருந்து ஏற்றிய பைன் வாங்கினேன். கொழும்பில் அழுத்தக் கலனில் மருந்தேற்றி வருகிறது. பலகைகள் நேரானவை, முடிச்சுக் குறைவு, சொன்ன நாளில் லொறி வந்தது. வெட்டிய துண்டொன்றைக் கேஸ் அடுப்பில் பிடித்தேன்; கரிந்ததே தவிர, அடுப்பை விட்டு விலக்கியதும் அணைந்துவிட்டது. காசுக்கு ஏற்ற சரக்குத்தான்.

ஆனால் "உறுதியில் ஒரு மாற்றமும் இல்லை ஐயா" என்று கல்லாவில் இருந்தவர் அடித்துச் சொன்னதை ஏற்க மாட்டேன். மருந்து அமோனியம் பொஸ்பேட். நெருப்பில் அது அமிலமாக மாறி, மரம் எரியும் வாயுவாகப் பிரியாமல் கரியாகும்படி செய்கிறது. தகரக் கூரையின் கீழே, நெருப்பே இல்லாமல், இதே வேலை மெல்ல நடக்கும். வெப்பத்தில் கிளம்பும் அமிலம் மரநாரைப் பிணைத்து வைத்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருளை அரித்துவிடும். 1980களில் அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், மருந்தேற்றிய கூரை ஒட்டுப்பலகைகள் சில ஆண்டுகளிலேயே கபில நிறமாகி நொறுங்கியது இதனால்தான். மருந்தில் போரேட் (வெண்காரம் போன்ற உப்பு) கலந்தால் சிதைவு தணியும். மருந்தேற்றிய பின் உலர்த்தும் சூடும் 71 பாகை செல்சியஸைத் தாண்டக்கூடாது. இந்த இரண்டையும் பற்றிக் கேட்டேன். மரக்காலையில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை.

இதில் பொல்லாத விடயம், மரத்தின் விறைப்பு அவ்வளவாகக் குறையாது. திடீர் அடியைத் தாங்கும் வலுவே முதலில் போகும். ஏறி மிதித்துப் பார்த்துவிட்டு "நல்லாய்த்தான் இருக்கிறது" என்று இறங்கிவிடுவோம்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் ஊர்த் தகரத்தில் கை வைத்தவர்களுக்கு மேலே விளக்கம் வேண்டியதில்லை. ஆகவே பைனைச் சுவர்ப் பலகைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, கைமரத்துக்குப் பருமனான பாலை மரம் போட்டேன். விடுதிக்கார அம்மாவுக்கு விலையில் மனத்தாங்கல்தான். பருமனான மரம் தீயிலும் மேலே கரி பிடித்து நிதானமாகவே எரியும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

இந்த மருந்து உப்பு; மாரியில் ஈரத்தை இழுக்கும், ஆணியைத் தின்னும். கடையில் சாதாரணக் கம்பியாணியைத்தான் கூடவே கட்டித் தருகிறார்கள். நாகம் (துத்தநாகம்) தோய்த்ததோ துருப்பிடிக்காத உருக்கோ கேட்டு வாங்குங்கள். நீளவாக்கில் இலவசமாகக் கிழித்துத் தருவதாகவும் சொல்வார்கள். மருந்து பெரும்பாலும் மேற்பரப்பை ஒட்டியே நிற்பதால், கிழித்தால் உள்ளே இருக்கும் வெறும் மரம் வெளியே வந்துவிடும். தேவையான அளவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.