சொந்த நிரலா, சிம்சிஸ்-டிஎஸ்பி நூலகமா: வள்ள இயந்திரத்தின் அதிர்வை அளப்பதற்கு எது ஏற்றது?

திருகோணமலையின் மீன்பிடி வள்ளங்களில் இயந்திர அதிர்வை அளந்து, பேரிங் தேய்வதை முன்கூட்டியே அறிவிக்கும் சிறு கருவியொன்றைச் செய்யும்போது, அதிர்வை மீடிறன்களாகப் பிரிக்கும் எப்எப்டி கணக்கை நாமே சி மொழியில் எழுதுவதா, ஆர்ம் நிறுவனத்தின் சிம்சிஸ்-டிஎஸ்பி நூலகத்தை எடுத்துக்கொள்வதா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டியிருந்தது. நான் நூலகத்தையே தெரிவுசெய்தேன்.

வேகத்தில் போட்டியே இல்லை. ஆர்ம் வடிவமைத்த கோர்டெக்ஸ்-எம்4 சிப்பின் டிஎஸ்பி (இலக்கமுறைச் சைகைக் கணிப்பு) கட்டளைகள் இரண்டு 16 பிட் பெருக்கல்களை ஒருசேரச் செய்து கூட்டிவிடும். நூலகம் அவற்றைத் தானாகவே பயன்படுத்துகிறது. இலவசமாகப் பயன்படுத்த இடந்தரும் அப்பாச்சி 2.0 உரிமம் என்பதால் செலவுமில்லை.

எனக்கு முக்கியமாகப்பட்டது பராமரிப்பு. கொழும்பிலிருந்து இன்று வாங்கும் சிப் அடுத்த பருவத்தில் கிடைக்காமல் போகலாம். ஒரு சிப்பின் கட்டளைகளை நம்பிக் கையால் எழுதிய நிரலை அப்போது மீண்டும் எழுத வேண்டும். எழுதிய மாணவர் படிப்பை முடித்துச் சென்றிருந்தால், அதில் கைவைக்க எவரும் துணியமாட்டார்கள். நூலகமோ டிஎஸ்பி கட்டளைகள் இல்லாத, அதே கோர்டெக்ஸ் குடும்பத்தின் எளிய எம்0+ சிப்பிலும் சாதாரண சி நிரலாக இயங்கும். அங்கே மிதவைப் புள்ளிக் (தசம எண்) கணக்கு மெதுவாகும் என்பதால், பின்னங்களை 16 பிட் முழு எண்ணாக வைக்கும் க்யூ15 வகைக்கு மாற நேரிடும், அந்த மாற்றத்தில் கவனம் வேண்டும்: எண் நிரம்பி வழியாதிருக்க 1024 புள்ளி எப்எப்டி விடையை 10 பிட் கீழிறக்குகிறது (1024ஆல் வகுக்கிறது), ஆகவே தேய்வின் ஆரம்பத்தில் எழும் மெல்லிய அதிர்வு அதில் மறைந்துபோகலாம். ஆனாலும் இந்த அளவுமாற்றம் ஆவணத்தில் தெளிவாக எழுதப்பட்டிருப்பதால், அடுத்து வருபவர் படித்தே புரிந்துகொள்ளலாம். பைதான் வடிவமும் இருப்பதால், கடலில் பதிந்த அதிர்வை மடிக்கணினியில் அதே கணக்கால் சரிபார்த்த பின்னரே வள்ளத்திலுள்ள கருவியை மாற்றலாம். இந்த வசதிக்காகவே நூலகத்தை வலியுறுத்துகிறேன்.

நூலகத்திலும் ஒரு குறை உண்டு. பொதுவான தொடக்கச் செயற்கூறை அழைத்தால் எல்லா எப்எப்டி நீளங்களுக்குமான கணக்கு அட்டவணைகளும் பிளாஷ் நினைவகத்தில் ஏறிவிடும். தேவையான நீளத்துக்குரியதை மட்டும் அழைப்பது நல்லது.

ஒரேயொரு மீடிறனைக் கவனித்தால் போதுமெனில், அந்த ஒன்றின் வலிமையை மட்டும் கணிக்கும் கோர்ட்செல் முறையைச் சில வரிகளில் நாமே எழுதுவதுதான் சரி. ஆர்ம் வகையல்லாத ஈஎஸ்பி32 சிப்புக்கு எஸ்பிரசிப் நிறுவனத்தின் தனி நூலகம் உண்டு. அதை மேசையில் இயக்கியிருக்கிறேனே தவிர, உப்புக்காற்றில் ஓடும் வள்ளத்தில் நீண்டகாலம் பயன்படுத்தவில்லை. ஆகையால் எனது பரிந்துரை ஆர்ம் சிப்களுக்கு மட்டுமே பொருந்தும்.