குழுவில் சொல்வதா, ஊரறியச் சொல்வதா: வடசென்னைக்கு வாட்ஸ்அப்பும் எக்ஸும்

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் குடியிருப்போர் சங்கக் கூட்டம் எது நடந்தாலும் கடைசியில் இந்த விவாதம் வந்துவிடுகிறது. "குரூப்ல போட்டாச்சு, எல்லாரும் பாத்தாச்சு" என்பார்கள் பெரியவர்கள். "குரூப்ல போட்டு என்ன பிரயோஜனம்? எக்ஸ்ல அதிகாரியை டேக் பண்ணுங்க" என்பார்கள் கல்லூரிப் பிள்ளைகள். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உயிர் தப்ப வாட்ஸ்அப், வழக்கு நிற்க எக்ஸ் (பழைய ட்விட்டர்). நம் பகுதி முதலாவதோடு நின்றுவிட்டது என்பதுதான் என் ஆதங்கம்.

வாட்ஸ்அப்பின் பலம் என்னவென்று தெரிய, 2023 டிசம்பர் 26 இரவை நினைத்துப் பார்த்தால் போதும். நள்ளிரவு நெருங்கும்போது பெரியகுப்பம் கடலோரத்தில், உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. தூக்கத்தில் இருந்தவர்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் எழுந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அப்படியொரு நேரத்தில் யார் எக்ஸைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்? குப்பத்தில் எத்தனை பேரிடம் அதில் கணக்கு இருக்கிறது? தட்டச்சு தெரியாத அம்மாவும் பொத்தானை அழுத்திப் பேசினால் போதும் என்பதுதான் வாட்ஸ்அப். "கடல்காத்து உள்ள அடிக்குது, மேற்கால ஓடுங்க" என்று பத்து நொடி குரல்பதிவு ஒன்று செய்யும் வேலையை எந்தப் பொதுத்தளமும் செய்யாது. பேசுவது யாரென்று குரலை வைத்தே தெரிந்துவிடும். தெரிந்த குரல் என்றால் நம்பிக்கை, நம்பினால்தான் ஓட்டம்.

அந்த நம்பிக்கைதான் ஆபத்தும். நமக்கு வடக்கே, எட்டும் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. 2018 மே மாதம் அங்கே ஒரு மனிதரைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று சொல்லி அடித்தே கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அந்தப் புரளி ஊர் ஊராகப் பரவியது வாட்ஸ்அப் வழியாகத்தான். நாடு முழுக்க இப்படிக் கொலைகள் நடந்த பிறகு, அதே ஆண்டு ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். 2020-இல், ஏற்கெனவே பல கை மாறி வந்த செய்தியை ஒருமுறைக்கு ஒரே ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கினார்கள். நல்லது. ஆனால் நேரடியாகப் பேசிப் பதிந்த குரலுக்கு இந்தத் தடை எதுவும் கிடையாது. புரளியும் அதே வாசல் வழியாகத்தான் வரும்.

வாட்ஸ்அப்பின் பெரிய குறை அதுவுமல்ல, ஞாபகம்தான். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கியது. படகு, வலை, சதுப்புநிலச் செடி, நாரை எல்லாம் கறுத்துப்போயின. மீனவர்கள் வாளியில் மொண்டு எடுத்தார்கள். அன்று எடுத்த படங்கள் கணக்கில்லாமல் குழுக்களில் ஓடின. இப்போது அவை எங்கே? போன் மாற்றியவரிடம் இல்லை. இடம் நிறைந்தது என்று அழித்தவரிடம் இல்லை. குழுவுக்கு வெளியே இருக்கும் செய்தியாளரோ வழக்கறிஞரோ தேடிப் பார்க்க வழியே இல்லை.

இதில் இன்னொரு நுணுக்கம். படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி, எடுத்த நேரம், இடம் ஆகிய விவரங்களை உரித்துவிடும். 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்பினால் மூலக்கோப்பு அப்படியே போய்ச் சேரும். ஒவ்வொரு குப்பத்துப் பையனுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அட்மின் யார் என்பதும் முக்கியம். வட்டத்துக் கட்சிக்காரர் நடத்தும் குழுவில் ஆட்சியைக் கேள்வி கேட்கும் படம் எவ்வளவு நேரம் தங்கும் என்பது உங்களுக்கே தெரியும். எல்லாக் கட்சிக்கும் இது பொருந்தும்.

எக்ஸில் இந்தக் குறை இல்லை. போட்ட பதிவின் மேல் தேதியும் நேரமும் ஊரறிய நிற்கும். அதிகாரி அழிக்க முடியாது, பதில் சொன்னால் அந்தப் பதிலும் சாட்சியாக நிற்கும். குப்பைத் தொட்டி, தெருவிளக்கு, மூடாத மேன்ஹோல் மாதிரி ஒரு தெருவோடு முடியும் விஷயத்துக்கு அது வேகமாகவே வேலை செய்கிறது. காற்றில் நெடி என்று போட்டால் மட்டும் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டும்.

அதற்காக எக்ஸ் நம்மை வாரி அணைத்துக்கொள்ளும் இடம் என்று சொல்ல மாட்டேன். 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் வாங்கிய பிறகு, காசு கட்டி நீலக்குறி வாங்கியவரின் பதில்தான் மேலே வருகிறது. கணக்கு இல்லாதவர் உள்ளே தேடவே முடியாது. 280 எழுத்து வரம்பும் தமிழுக்குப் பாதகம்: 'எண்ணூர்' நமக்கு நாலெழுத்து, புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணும் அந்தக் கணக்கில் ஏழு. இதைவிட வலிப்பது ஒன்று உண்டு. ஆற்றில் எண்ணெய் என்று ஒருவர் பதிந்தால், கீழே இரண்டு கட்சிகளின் ஐ.டி. பிரிவும் வந்து உன் ஆட்சி, என் ஆட்சி என்று மோதி, ஆற்றையே மறந்துவிடுகிறார்கள். கூடவே, வடசென்னை என்றாலே ரவுடி என்று எழுத நாலு பேர் வருவார்கள். நெடியில் பிள்ளை வளர்க்கும் ஒரு தாய் இதையெல்லாம் படித்துத்தான் நியாயம் கேட்க வேண்டுமா?

இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் கூட்டம் சேர்க்கும். கொடுங்கையூர் குப்பை எரிஉலை மாதிரி ஒரு போராட்டத்துக்கு இளைஞர்களை வரவைக்க நல்ல கருவி, பதிவேட்டுக்கு உதவாது.

சட்டத்தைப் பார்த்தால் ஞாபகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரியும். 2010-ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டப்படி, சுற்றுச்சூழல் பிரச்சினையைக் கொண்டுபோக ஆறு மாதம், இழப்பீடும் நிவாரணமும் கேட்க ஐந்து ஆண்டு. தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள். எண்ணெய்க் கசிவுக்கு அரசு நிவாரணம் அறிவித்தபோது, யார் குடும்பம், யார் படகு என்று பட்டியல் போட்டுத்தான் கொடுத்தார்கள். பட்டியலில் விடுபட்டவர் எதைக் காட்டுவார்? "குரூப்ல வந்துச்சே சார்" என்றால் யாரும் ஏற்கமாட்டார்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்டச் சான்றிதழ் வேண்டும், அதில் கையெழுத்துப் போட மூலக்கோப்பை வைத்திருக்கும் ஆள் வேண்டும்.

ஆகவே சங்கங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். எச்சரிக்கைக் குழுவில் காலை வணக்கப் படமும் கட்சிப் படமும் வேண்டாம், குரல்பதிவு மட்டும் ஓடட்டும். தெருவுக்கு ஒருவர் பொறுப்பெடுத்து, அந்தத் தெருவில் எடுக்கும் படங்களின் மூலக்கோப்பை வாங்கிப் பென்டிரைவில் சேர்க்கட்டும். மாநகராட்சி விஷயமென்றால் 1913 என்ற எண்ணில் கூப்பிட்டுப் புகார் எண் வாங்கி, அந்த எண், தெருப் பெயர், தேதி மூன்றையும் தமிழிலேயே எழுதி எக்ஸில் போடட்டும். நெடியோ எண்ணெயோ என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் மனு, ஒப்புகைச் சீட்டின் படம், பிறகு பதிவு. பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். கீழே வந்து கட்சிச் சண்டை போடுகிறவர்களுக்கு யாரும் பதில் எழுத வேண்டாம்.