பழைய டெஸ்க்டாப்பில் தமிழ் தட்டச்சு: லிப்ரே ஆபீஸ் ரைட்டர்

என்னுடையது கோர் 2 டுவோ பிராசஸர், 2 ஜிபி ரேம், 32 பிட் விண்டோஸ் 7 உள்ள டெஸ்க்டாப். கீபோர்டு டிவிஎஸ் கோல்டு. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் நான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள், எங்கள் கோயில் கொடை நோட்டீஸ், கொஞ்சம் கொஞ்சமாக எழுதிவரும் ஊர் வரலாறு எல்லாம் இதில்தான் நடக்கிறது. பழைய மெஷினில் தமிழ் அடிக்க எது நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வேர்டு போல எழுத உதவும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் ரைட்டர், அதுவும் கொஞ்சம் பழைய பதிப்பு.

விண்டோஸ் 7-இல் கூடவே வரும் வேர்ட்பேட் தட்டியதும் திறக்கும், யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை) தமிழும் சரியாகத் தெரியும். ஒரு கடிதத்துக்கு அது போதும். அடிக்குறிப்பு போடவோ புதிதாக அட்டவணை வரையவோ வழி இல்லை. அபிவேர்டு என்ற இன்னொரு எழுத்து மென்பொருள் மிக இலகுவானது, ஆனால் விண்டோஸுக்குப் புது பதிப்பு வருவது நின்று பல வருடம் ஆகிறது. கூகுள் டாக்ஸுக்கு நல்ல பிரவுசர் வேண்டும். குரோம் பிரவுசரோ 2023-லேயே 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது.

பதிப்பைப் பார்த்து எடுப்பது முக்கியம். லிப்ரே ஆபீஸ் 25.8 முதல் விண்டோஸ் 7-இல் ஓடாது. நான் வைத்திருப்பது 7.6. இன்னும் எக்ஸ்பி வைத்திருப்பவர்களுக்கு 5.4 தான் கடைசி. பழைய பதிப்புகள் எல்லாம் அவர்களுடைய தளத்தின் ஆர்கைவ் பகுதியில் இலவசமாகவே கிடைக்கின்றன. 32 பிட் மெஷினுக்கு 32 பிட் கோப்பையே எடுக்க வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனி ஃபான்ட் வைக்க முடிவது. ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் 'காம்ப்ளக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஸ்டைலைத் திறந்தால் இரண்டு ஃபான்ட் கட்டங்கள் இருக்கும். நான் தமிழுக்கு லதா 11, ஆங்கிலத்துக்கு டைம்ஸ் நியூ ரோமன் 12 என்று வைத்திருக்கிறேன். லதா சற்றுப் பெரிதாகத் தெரியும் என்பதால் இந்த அளவில் இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். ஒரே வரியில் ஆங்கிலப் பெயர் வந்தாலும் ஃபான்ட் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். தட்டச்சுக்கு என்ஹெச்எம் ரைட்டர் என்ற தமிழ் தட்டச்சு மென்பொருளில் தமிழ்99 விசைப்பலகை முறை.

யூனிகோடுக்கு முந்தைய பாமினி ஃபான்ட்டில் அடித்த பழைய கோப்புகள் வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாமினி எழுத்துகள் மென்பொருளின் கண்ணுக்கு ஆங்கில எழுத்துகள்தான். ஆகவே அவற்றுக்கு மேற்கத்திய (அதாவது ஆங்கிலத்துக்கான) ஃபான்ட் கட்டத்தில்தான் பாமினியைப் போட வேண்டும். அதைவிட முக்கியம், வாக்கியத் தொடக்கத்தைப் பெரிய எழுத்தாக்கும் ஆட்டோ கரெக்டை அணைத்துவிடுவது. பாமினியில் சின்ன எம் 'அ', பெரிய எம் 'ஆ'. முற்றுப்புள்ளிக்குப் பிறகு 'அவர்' என்று அடித்தால் 'ஆவர்' என்று மாறி நிற்கும். வினாத்தாளில் இப்படி வந்தால் பிள்ளைகள் பாடு திண்டாட்டம். முடிந்தால் என்ஹெச்எம் கன்வெர்ட்டரில் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது. பின்னால் தேடுவதற்கும் வசதி.

குறை இல்லாமல் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் முதல் தடவை திறக்க நேரம் எடுக்கும். ஆப்ஷன்ஸில் ஜாவாவை அணைத்தால் கொஞ்சம் சுறுசுறுப்பாகும். வெறும் எழுத்து வேலைக்கு அது தேவைப்படாது. வேர்டில் செய்த அட்டவணைகள் இங்கே திறக்கும்போது சில நேரம் இடம் மாறும். அதனால் அச்சகத்துக்கு நான் டாக்எக்ஸ் (வேர்டு கோப்பு) கொடுப்பதே கிடையாது. ரைட்டரிலேயே பிடிஎஃப் எடுக்கலாம், ஃபான்ட்டும் உள்ளேயே போய்விடும். நோட்டீஸில் நான் வைத்த எழுத்து அப்படியே அச்சாகி வருகிறது.

விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. அதனால் இந்த மெஷினில் பேங்க் வேலை எதுவும் செய்யாமல் எழுத மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் புது கம்ப்யூட்டருக்குப் போகுமுன் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கிப் போட்டுப் பாருங்கள். ரைட்டர் திறக்கும் வேகத்தில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.